நெஞ்சுக்குள் பேசிய குரல்
டாக்டர் லென்னெக் வாழ்க்கை வரலாறு

டாக்டரிடம் காட்டப் போகிறோம். பெயரும் வயதும் கேட்டு முடித்ததும் அவர் முதலில் என்ன செய்கிறார்? கழுத்தில் மாலைபோல் கிடக்கும் ரப்பர் குழாயை எடுத்து இரு காதிலும் மாட்டிக்கொள்கிறார். அதன் நுனியில் உள்ள வட்டத் தகட்டை நம் நெஞ்சில் வைத்து, மூச்சை நன்றாக இழுத்துவிடச் சொல்கிறார். திரும்பச் சொல்லி முதுகிலும் வைக்கிறார். உள்ளே என்ன கேட்டாரோ, ஏது கேட்டாரோ, நமக்குத் தெரியாது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

ஸ்டெதஸ்கோப் என்னும் அந்தக் கருவி ஒரு காகிதச் சுருளாகப் பிறந்தது. அதைச் சுருட்டியவர் ரெனே லென்னெக் என்ற பிரெஞ்சு மருத்துவர். உயிரோடிருக்கும் மனிதனின் நெஞ்சுக்குள் காசநோய் குழி பறித்திருப்பதை வெளியிலிருந்தே கண்டு சொல்லும் வழியை உலகுக்குக் காட்டியவர் அவரே. அதே காசநோய்க்கு 45-ஆம் வயதில் அவரும் இரையானார்.

அவர் இறந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. அவர் வேதசாட்சியும் அல்லர், பீடத்தில் வைத்து வணங்கப்படும் புனிதரும் அல்லர். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, உறவினரோடு உறவாடி, செபமாலையைக் கைவிடாமல் வாழ்ந்த ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தார். காசநோய்க்கு யாரையேனும் பறிகொடுக்காத ஊர் எது? ஆகையால் அவருடைய கதையை இவ்விழா மலரில் சொல்வது பொருத்தமே.

பிரான்சின் மேற்குக் கோடியில், கடல் மூன்று பக்கமும் சூழ்ந்த நிலப்பகுதி பிரிட்டனி. (இங்கிலாந்தைக் குறிக்கும் பிரிட்டன் வேறு, இது வேறு.) அங்குள்ள மக்களுக்குப் பிரெஞ்சு மொழியோடு சேராத பிரெத்தோன் என்ற சொந்த மொழி உண்டு. மீன்பிடியும் உழவும் அவர்கள் தொழில். பக்தியில் பிடிவாதமானவர்கள் என்று பெயர் பெற்றவர்கள். அப்பகுதியிலுள்ள கெம்பேர் நகரில் 1781 பிப்ரவரி 17-ஆம் நாள் லென்னெக் பிறந்தார். ஐந்து வயதில் தாய் இறந்துபோனார். தந்தை வழக்கறிஞர், கவிதை எழுதுவார், கைக்கு வந்த பணத்தைச் செலவழிப்பார், பிள்ளை வளர்ப்பு அவருக்குக் கைவரவில்லை. முதலில் தந்தையின் உடன்பிறப்பான குருவானவர் ஒருவரிடமும், பிறகு நாந்த் நகரில் மருத்துவராயிருந்த சிறிய தகப்பனார் கியோமிடமும் பையன் வளர்ந்தான். சிற்றப்பா வீடே அவனுக்குத் தாய்வீடாயிற்று.

அப்போது பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. 1793-ஆம் ஆண்டு நாந்த் நகரம் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. குருக்களைப் படகில் ஏற்றி லுவார் ஆற்றில் மூழ்கடித்தார்கள். தலை வெட்டும் எந்திரத்தை நட்டிருந்த சதுக்கம் சிற்றப்பா வீட்டு ஜன்னலுக்கு நேரே இருந்தது. அவரும் சில காலம் சிறையில் கிடந்தார். பன்னிரண்டு வயதுப் பையன் இதையெல்லாம் பார்த்து வளர்ந்தான். இரண்டு ஆண்டு கழித்து, பதினான்கு வயதில், அதே நகரத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பயிலத் தொடங்கினான்.

1801-இல் இருபது வயது இளைஞனாகப் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். கையில் காசில்லாததால் பெரும்பாலும் நடந்தே போனார் என்பர். ஆள் குள்ளம், ஒல்லி. காற்றடித்தால் விழுந்துவிடுவார் போன்ற தேகம். ஆனால் படிப்பில் யாரும் எட்டிப் பிடிக்க முடியவில்லை. 1803-இல் மருத்துவம், அறுவை இரண்டிலும் முதல் பரிசு அவருக்கே கிடைத்தது. ஓய்வு கிடைத்தால் புல்லாங்குழல் வாசிப்பார். பின்னாளில் காது கொடுத்துக் கேட்பதையே தொழிலாக்கியவருக்கு இசைப் பழக்கம் உதவியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கோயில் பக்கமே போகக் கூச்சப்பட்ட படித்த இளைஞர் நடுவில் மாதா சபையொன்றில் சேர்ந்ததும் அதே 1803-இல்தான்.

அக்கால வைத்தியம் எந்த நிலையில் இருந்தது என்பதைச் சற்றே அறிந்துகொண்டால்தான் அவர் செய்ததன் அருமை விளங்கும். நாடி பார்ப்பார்கள், நாக்கை நீட்டச் சொல்வார்கள், சிறுநீரின் நிறம் பார்ப்பார்கள், நோயாளி சொல்வதைக் கேட்பார்கள். நெஞ்சுக்குள் என்ன நடக்கிறதென்று பார்க்க ஒரே ஒரு நல்ல வழி இருந்தது. அதுதான் விரலால் தட்டிப் பார்ப்பது. ஆஸ்திரிய மருத்துவர் அவுன்புருக்கர் 1761-இல் அதை எழுதி வைத்தார். அவர் சத்திரக்காரர் மகன். சந்தையில் பானை வாங்கும்போது நம் பெண்கள் தட்டிப் பார்ப்பதில்லையா, அப்படித்தான். காற்று நிரம்பிய நுரையீரல் ஒரு மாதிரி ஒலிக்கும். நீர் கோத்ததோ சதை இறுகியதோ வேறு மாதிரி ஒலிக்கும். அந்த நூலை நாற்பது வருடம் எவரும் பெரிதாக மதிக்கவில்லை. நெப்போலியனின் வைத்தியரான கொர்விசார் அதைத் தூசி தட்டி எடுத்து, 1808-இல் பிரெஞ்சில் மொழிபெயர்த்து வெளியிட்டார். அந்தக் கொர்விசாரின் மாணவர் லென்னெக்.

பாரிஸ் ஆஸ்பத்திரிகளில் படுத்தவர்களையும் பிணவறைக்குப் போனவர்களையும் எண்ணினால் காசநோயாளிகளே அதிகம். இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வேர்வை, உடல் மெலிவு, சளியில் இரத்தம், தொண்டை புண்ணாகிக் குரல் கம்மிப்போதல் ஆகியவற்றை எல்லாரும் அறிவார்கள். எலும்புருக்கி என்று நம் முன்னோர் வைத்த பெயர் எவ்வளவு பொருத்தம்! ஆனால் இவ்வளவும் வெளிப்படையாகத் தெரிய வரும்போது நோய் முற்றிப்போயிருக்கும். சாதாரணச் சளி இருமலா, காசமா என்பதை ஆரம்பத்தில் யாராலும் அறுதியிட முடியாது. லென்னெக்கின் தம்பி மிஷோ 1810-இல் காசத்தால் இறந்தார். பிணங்களை அறுத்து இந்நோயை ஆராய்ந்து அதே ஆண்டில் பெரிய நூல் வெளியிட்ட அவருடைய நண்பர் டாக்டர் பேல், 1816-இல் அதே நோயால் போனார்.

இடையில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் விட மனமில்லை. 1814-இல் நெப்போலியனின் கடைசிப் போர்களில் காயமும் காய்ச்சலுமாகப் பாரிஸ் ஆஸ்பத்திரிகளில் வந்து குவிந்த படைவீரர்களில் பிரிட்டனிக் கிராமத்துப் பையன்கள் பலர். பிரெத்தோன் தவிர வேறு மொழி அறியாதவர்கள். எங்கே வலிக்கிறது என்று சொல்லக்கூட வழியில்லாமல் செத்துக்கொண்டிருந்தார்கள். லென்னெக் அதிகாரிகளைப் பிடித்து, சால்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில் அவர்களை ஒரே வார்டில் சேர்க்க அனுமதி வாங்கினார். அவர்கள் மொழியிலேயே பேசி வைத்தியம் பார்த்தார். அவர்கள் மொழி தெரிந்த குருவுக்கும் ஏற்பாடு செய்தார். நோயாளி சொல்வது வைத்தியன் காதில் விழவேண்டும் என்பதில் அவருக்கிருந்த அக்கறைக்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

1816-இல் பாரிஸ் நெக்கேர் ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை கிடைத்தது. அவ்வாண்டிலேயே இருதய நோயின் அறிகுறிகளுடன் இளம்பெண் ஒருத்தி வந்தாள். பருத்த உடம்பு. தட்டிப் பார்த்தால் ஒன்றும் விளங்கவில்லை. நெஞ்சின்மேல் நேராகக் காதை வைத்துக் கேட்பதென்ற பழைய முறை ஒன்று இருந்தது. ஆனால் வயதுப் பெண்ணிடம் அது தகாது என்று தயங்கினார். அப்போது அவருக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. நீண்ட மரத்துண்டின் ஒரு முனையில் குண்டூசியால் கீறினால், மறுமுனையில் காதை வைத்தவருக்கு அது துல்லியமாகக் கேட்கும். சிறுவர்கள் அப்படி விளையாடுவதை லூவர் மாளிகை முற்றத்தில் அவர் பார்த்ததாகவும் ஒரு கதை உண்டு. தம் நூலில் அவர் அதை எழுதவில்லை. பிறகு வந்தவர்கள் சொன்னது. உடனே எழுதும் தாள்களை இறுகச் சுருட்டி, ஒரு முனையை அப்பெண்ணின் நெஞ்சிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். நேராகக் காது வைத்துக் கேட்டதைவிடத் தெளிவாக இருதயத் துடிப்பு கேட்டது. அவருக்கே வியப்பு தாங்கவில்லை.

ஒரு பெண்ணின் மானத்தை மதித்துத் தயங்கிய அந்தத் தயக்கத்தில் பிறந்தது ஸ்டெதஸ்கோப்!

காகிதத்தை விட்டு மரத்துக்கு வந்தார். கடைசல் எந்திரத்தில் தாமே கடைந்தார். ஓர் அடி நீளம், ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த பருமன், நடுவே கால் அங்குலத் துளை. பையில் போட்டுக்கொள்ள வசதியாக இரண்டாகக் கழற்றலாம். மார்பில் வைக்கும் முனையில் புனல்போல் குடைந்து, அதற்கு ஓர் அடைப்பானும் செய்தார். இருதயத்தையும் குரலையும் கேட்க அடைப்பானோடு. மூச்சைக் கேட்க அடைப்பான் இல்லாமல். வெகுநாள் இதை வெறுமனே உருளை என்றே அழைத்து வந்தார். நெஞ்சைப் பார்ப்பது என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ஸ்டெதஸ்கோப் என்று பெயர் சூட்டியது பிற்பாடு. இரு காதிலும் மாட்டும் ரப்பர் குழாய் அவர் காலத்துக்குப் பிறகு வந்தது.

கருவி செய்ததோடு நின்றிருந்தால் அவர் பெயர் ஒரு தச்சர் பெயராக நின்றிருக்கும். அதில் கேட்பது என்ன என்று கண்டுபிடித்ததில்தான் அவர் மேதை. காலையில் வார்டில் ஒவ்வொரு நோயாளியின் நெஞ்சிலும் கேட்டதை அப்படியே குறித்து வைப்பார். நோயாளி இறந்துவிட்டால் உடலைத் திறந்து, தாம் கேட்ட இடத்தில் என்ன இருக்கிறதென்று பார்ப்பார். குறிப்பும் கண்டதும் பொருந்தினால் சரி. பொருந்தாவிட்டால் தம் தவற்றையும் எழுதி வைப்பார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இதே வேலை.

அப்படிக் கேட்டவற்றுள் ஒன்றை விவரமாகச் சொல்ல வேண்டும். தொடக்க நாட்களில் லேசான காய்ச்சலும் புதிதாக வந்த இருமலுமாக ஒரு பெண் படுத்திருந்தாள். பார்ப்பவர் யாரும் சாதாரணச் சளி என்றே சொல்வார்கள். வலது காறை எலும்பின் கீழே உருளையை வைத்து அவளைப் பேசச் சொன்னார். அவள் குரல் வாயிலிருந்து வருவதாக இல்லை. நெஞ்சுக்குள்ளிருந்து நேரே குழாய் வழியாக அவர் காதில் பேசுவதுபோல் இருந்தது! ஓர் அங்குலச் சதுர இடத்தில் மட்டும் அப்படி. சற்றே தள்ளி வைத்தால் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த மற்றவர்களையும் சோதித்தார். சுமார் இருபது பேரிடம் அதே விந்தை. அவர்களில் ஏறக்குறைய எல்லாருமே காசநோயாளிகள். அவர்கள் ஒவ்வொருவராக இறந்தபோது திறந்து பார்த்தார். குரல் கேட்ட அதே இடத்தில் நுரையீரலில் குழி இருந்தது. அக்குழி மூச்சுக்குழாயின் கிளையோடு இணைந்திருந்தது.

காரணம் இதுதான். காசம் முதலில் நுரையீரலில் தினையளவு சாம்பல் நிற மணிகளாகத் தோன்றுகிறது. அவை பருத்து, மஞ்சளாகி, ஒன்றோடொன்று சேர்ந்து, பாலாடைக் கட்டிபோலாகி, பிறகு இளகிக் கூழாகின்றன. அந்தக் கூழ் பக்கத்திலுள்ள மூச்சுக்குழாயை அரித்துத் துளைத்து, இருமலோடு சளியாக வெளியேறுகிறது. காலியான இடம் குழியாகிறது. இப்போது தொண்டையில் எழும் குரலுக்கு இரண்டு வழி. ஒன்று வாய் வழியாக வெளியே வருவது. மற்றொன்று மூச்சுக்குழாய் வழியாகக் கீழிறங்கி, கிளைக்குழாய் வழியாகக் குழிக்குள் புகுந்து ஒலிப்பது. அதுதான் உருளையின் வழியே கேட்டது. நெஞ்சுப் பேச்சு என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்தார். காசநோயின் தெளிவான அடையாளம் இதுவே என்று கொண்டார்.

குழி விழுவதற்கு முன், மணிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும்போது உருளையில் ஒன்றும் கேட்காமல் போகலாம் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். இன்றும் டாக்டர்கள் ஸ்டெதஸ்கோப்பை மட்டும் நம்பிக் காசம் இல்லை என்று சொல்லிவிடுவதில்லை. சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரே படமும் கேட்பது அதனால்தான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதித்துப் பார்த்துவிட வேண்டும். நம்மில் சிலர் பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிந்துவிடுமே என்று இருமலைக் கஷாயத்தில் மறைப்பது உண்டே, அவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

மூச்சின் ஒலிகளுக்கும் அவர் பெயர் வைத்தார். உப்பைச் சூடான சட்டியில் போட்டாற்போல் வெடிப்பது, புறா குமுறுவது போன்றது, சீழ்க்கை அடிப்பது என்று ஒவ்வொன்றையும் பழகிய ஒலிகளோடு ஒப்பிட்டு எழுதினார். நெஞ்சில் நீர் கோத்தவரின் குரல் ஆடு கத்துவதுபோல் நடுங்கிக் கேட்கும் என்றார். இதில் ஒரு நுட்பம் உண்டு. கரகரப்பு ஒலிக்கு அவர் முதலில் எடுத்த பிரெஞ்சுச் சொல், சாகக் கிடப்பவரின் தொண்டையில் இழுக்கும் ஒலிக்கும் ஊரார் வழங்கிய சொல். படுக்கையருகே மாணவரிடம் அச்சொல்லைச் சொன்னால் நோயாளி தம் கதை முடிந்தது என்று பதறிப்போவார். ஆகவே நோயாளி எதிரில் அதற்கு ஒரு லத்தீன் சொல்லைப் பயன்படுத்தினார்.

1819 ஆகஸ்டில் இவையெல்லாம் இரண்டு பாகங்கள் கொண்ட நூலாக வெளிவந்தன. விரும்பியவர்கள் நூலோடு மர உருளையையும் வாங்கிக்கொள்ளலாம். இரண்டே ஆண்டில் ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பு வந்தது. பல நாட்டு இளம் மருத்துவர்கள் பாரிஸுக்கு வந்து அவர் பின்னால் வார்டு வார்டாக நடந்தார்கள். எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. எல்லா நோயும் வயிற்றுக் குடலின் அழற்சியே, அட்டை விட்டு இரத்தம் எடுத்தால் போதும் என்று முழங்கிய புரூசே என்ற மருத்துவர் அவரைக் கடுமையாகத் தாக்கினார். பேச்சு வன்மை மிக்க புரூசேக்கு மாணவர் கூட்டம் அலைமோதியது. லென்னெக்கும் திருப்பித் தாக்குவதில் சளைத்தவரல்லர். அவருக்கும் நாக்குக் கொஞ்சம் கூர்மைதான்.

நோயைக் கண்டுபிடித்தார், குணமாக்கினாரா? இந்தக் கேள்வியை அவர் காலத்திலேயே கேட்டார்கள். மருந்து அவரிடம் இல்லை, உலகத்திலேயே இல்லை. ஆனால் பிணவறையில் அவர் கண்ட ஒன்று நம்பிக்கை கொடுத்தது. வேறு நோயால் இறந்த சிலரின் நுரையீரலில், பழைய காசக் குழிகள் சுருங்கி ஆறித் தழும்பாகியிருந்தன. அப்படியானால் இந்நோய் ஆறக்கூடியதே, இயற்கைக்கு அந்த வலிமை இருக்கிறது, வைத்தியன் அதற்குத் துணை நிற்கவேண்டும் என்று எழுதினார். காசம் என்றால் மரணச் சீட்டு என்றிருந்த காலத்தில் அது சிறிய வார்த்தையன்று. கடல் காற்று நல்லது என்பது அவர் எண்ணம். பாரிஸில் கடல் ஏது? பிரிட்டனியிலிருந்து கடற்பாசியை வரவழைத்து வார்டில் நோயாளிகளின் படுக்கைகளைச் சுற்றிப் பரப்பினார். பாசி மணத்தில் காசநோயாளிகள் சற்றுத் தேறியதாக அவருக்குத் தோன்றிற்று. சொந்த ஊர் ஏக்கமும் அதில் கலந்திருந்தது போலும்!

உண்மையான மருந்துக்கு உலகம் இன்னும் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது, 1952-இல் ஐசோநியாசிட் வழக்கத்துக்கு வந்தது. அதன் பிறகும் மலைக்காற்று, கடற்காற்று, சானடோரியம் என்ற நம்பிக்கை போகவில்லை. அதற்கு விடை கிடைத்த இடம் நம் சென்னை. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு நிலையத்தில், நகரத்து ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களைத் தங்கள் நெருக்கமான வீடுகளிலும் வைத்து ஒரே மாத்திரைகளை ஓராண்டு கொடுத்தார்கள். 1959-இல் வெளியான முடிவு உலகத்தையே திகைக்க வைத்தது. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள்; அவர்களால் வீட்டாருக்கு அதிகமாகத் தொற்றவும் இல்லை. தேவை மருந்தைத் தவறாமல் சாப்பிடுவது. இப்போது சாதாரணக் காசத்துக்கு ஆறு மாத மருந்து போதும். இடையில் நிறுத்தினால்தான் ஆபத்து.

லென்னெக் தவறிய இடம் ஒன்று உண்டு. அதை மறைப்பது அவருக்கே பிடிக்காது. காசம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் என்பதை அவர் நம்பவில்லை. நாப்போலி, ஸ்பெயின் ஆகிய தென்னாட்டுப் பகுதிகளில் காசத்தால் இறந்தவரின் துணிமணிகளை எரிக்கச் சட்டமே இருந்தது. பிரான்சின் டாக்டர்களோ அதைப் பாமர பயம் என்று ஒதுக்கினார்கள். மனத் துயரமே காசத்தின் பெரிய காரணம் என்று லென்னெக் கருதினார். அதற்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டு ஒரு கன்னியர் இல்லம். மிகக் கடுமையான ஒழுங்குள்ள அவ்வில்லத்துக்கு அவர் பத்து ஆண்டுகள் வைத்தியர். அந்தப் பத்து ஆண்டுகளில் இருந்தவர்கள் காசத்தால் இறந்து, புதியவர்கள் வந்து, அவர்களும் இறந்து, இல்லமே இரண்டு மூன்று தடவை புதிதாயிற்று. தலைவியும், தோட்டம், சமையல், நோயாளி அறை போன்ற வேலைகளைக் கவனித்த சிலருமே தப்பினார்கள். அவர்களுக்கு வெளியே போய்வர, மனம் மாற வழி இருந்ததால் தப்பினார்கள் என்று லென்னெக் விளக்கம் சொன்னார். தாம் விசுவாசியாயிருந்தும், அளவு மீறிய ஒறுத்தல் உயிரைக் குடிக்கிறது என்று துணிந்து எழுதினார். அதற்காக அவரை மெச்சலாம். ஆனால் இன்று அதைப் படிக்கும் நாம், அடைபட்ட அறையில் இருமிய ஒருவரின் மூச்சுக்காற்றை மற்றவர்கள் இரவும் பகலும் சுவாசித்ததை அல்லவா காண்கிறோம்! அவர் காது அவ்வளவு கூர்மையாயிருந்தும், கண்ணெதிரே நின்றது புலப்படவில்லை.

அதைவிட மனத்தை உறுத்துவது அவர் கைவிரல் கதை. இளமையில் ஒரு காசநோயாளியின் முதுகெலும்பை ரம்பத்தால் அறுக்கும்போது இடது ஆள்காட்டி விரலில் கீறிவிட்டது. சில நாளில் அங்கே சிறு கட்டி வந்தது. பார்த்தால் காச மணி போலவே இருந்தது. மருந்து வைத்துக் கரைத்தார். தழும்பு மட்டும் மிஞ்சியது. பல ஆண்டுகள் கழித்து இதை எழுதும்போது, பார்த்தீர்களா, உடம்பில் ஏறியும் எனக்குக் காசம் வரவில்லை என்ற கருத்தில் எழுதினார். அப்போது அவர் நெஞ்சில் நோய் முற்றிக்கொண்டிருந்தது.

நுரையீரல் மணியும், குழியும், கழுத்துக் கழலையும், குடல் புண்ணும் எல்லாம் ஒரே நோயின் வேடங்களே என்று அவர் சொன்னதையும் பின்வந்த பெரியவர்கள் சிலர் மறுத்தார்கள். 1882 மார்ச் 24-ஆம் நாள் பெர்லினில் ராபர்ட் கோக் காசக் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தபோதுதான் அந்த வழக்குத் தீர்ந்தது. எல்லாம் ஒரே நோய் என்றதில் லென்னெக் சரி. தொற்றாது என்றதில் அவர் தவறு.

நூல் வெளியான சில வாரங்களில் அவர் உடல் நொடிந்துபோயிற்று. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, களைப்பு. 1819 அக்டோபரில் பாரிஸை விட்டுப் பிரிட்டனியில் துவார்னனே கடற்கரைக்கு அருகே கெர்லுவார்னெக் என்ற பண்ணை வீட்டுக்குப் போனார். சதுப்பு நிலத்தை வடிகட்டி வயலாக்கினார், குதிரை ஏறினார், குடியானவர்களோடு அவர்கள் மொழியில் பேசினார். உடம்பு தேறியது. இரண்டு ஆண்டில் திரும்பவும் பாரிஸ் அழைத்தது. 1822-இல் பிரான்ஸ் கல்லூரியில் பேராசிரியர் பதவி, அரச குடும்பத்து மருமகளான பெர்ரி கோமகளுக்கு வைத்தியர் பதவி. 1822-இல் அரசு மருத்துவக் கல்லூரியைக் கலைத்துப் பேராசிரியர்கள் பலரை அரசியல் காரணத்தால் வெளியேற்றி 1823-இல் திருப்பி அமைத்தபோது, அந்த ஏற்பாட்டில் அவருக்கும் பங்கிருந்தது. ஷாரித்தே ஆஸ்பத்திரியில் போதிக்கும் பதவியும் கிடைத்தது. மாணவர் பலர் அதை அவருக்கு மன்னிக்கவில்லை. இதுவும் அவர் வாழ்வில் நடந்ததே.

1824 டிசம்பரில் தம் வீட்டைக் கவனித்துவந்த உறவினரான விதவைப் பெண்மணி ஒருவரைத் திருமணம் செய்துகொண்டார். ஒருமுறை பிரிட்டனிக்குப் போகும் வழியில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது வண்டி குடைசாய்ந்து எல்லாரும் தெறித்து விழுந்தார்கள். வண்டியை நிமிர்த்தி, மூட்டை முடிச்சுகளை ஏற்றி, மீண்டும் உட்கார்ந்ததும், விட்ட மணியிலிருந்து செபமாலையைத் தொடர்ந்தாராம். பாரிஸில் அவரை அறிந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார்களே தவிர ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

நூலின் இரண்டாம் பதிப்பை முழுவதும் திருத்தி எழுதுவதில் 1825-உம் 1826-இன் தொடக்கமும் போயின. உடம்புக்குக் கேடு என்று தெரிந்தே செய்தார். நூல் முடிந்தது, அவரும் விழுந்துவிட்டார். மாலைக் காய்ச்சல், இருமல், மெலிவு. பல ஆண்டுகளாகத் தமக்கு வந்தவற்றையெல்லாம் ஆஸ்துமா, நரம்புத் தளர்ச்சி என்றே சொல்லிவந்தவர் அவர். ஆயிரம் நெஞ்சைக் கேட்டவருக்குத் தம் நெஞ்சைக் கேட்க முடியாதல்லவா? உறவினரும் மாணவருமான இளம் டாக்டர் மெரியாதெக்கிடம் உருளையைக் கொடுத்துக் கேட்கச் சொன்னார். மெரியாதெக் கேட்டதைச் சொன்னார். அந்த ஒலிகளுக்குப் பொருள் என்ன என்று உலகுக்குக் கற்பித்தவரே லென்னெக்தான். மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

1826 மே 30-ஆம் நாள் பாரிஸை விட்டுப் புறப்பட்டார். கடல் காற்றை அவர் இன்னும் நம்பினார். கெர்லுவார்னெக் போய்ச் சேர்ந்ததும் சில நாள் நன்றாயிருந்ததுபோல் தோன்றியது. பிறகு இல்லை. உயில் எழுதினார். தம் காகிதங்கள், கடிகாரம், மோதிரம் ஆகியவற்றோடு மர உருளையையும் மெரியாதெக்குக்கு விட்டார். அவற்றுள் உருளையையே தம் சொத்தில் சிறந்த பங்காகக் கருதினார்.

ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை. பரலோக மாதா திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு. கடைசி நேரம் நெருங்கியதை உணர்ந்து, கையிலிருந்த மோதிரங்களை ஒவ்வொன்றாகத் தாமே கழற்றி மேசைமேல் வைத்தார். இன்னும் சற்று நேரத்தில் வேறு யாரோ கழற்ற வேண்டியிருக்கும், அந்த வருத்தமான வேலையை அவர்களுக்கு வைக்கக்கூடாது என்பது அவர் எண்ணம். அன்றைக்கே உயிர் பிரிந்தது. பக்கத்துப் புளோவாரே கோயில் கல்லறைத் தோட்டத்தில், அவர் மொழி பேசிய குடியானவர்களுக்கும் மீனவர்களுக்கும் நடுவில் அவரை அடக்கம் செய்தார்கள்.